நல்ல கையைக் கட்டியவள்

காலைக் காபி கொடுத்து, தம்ளரைக் கழுவிக் கவிழ்த்த கையோடு அவள் கணவனின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். வெளியே நாத்தனார் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொள்வாள். உள்ளேயிருந்து ஒரு முனகல் கேட்டால் போதும், தன் தம்பியை அவள் என்னதான் பண்ணுகிறாள் என்று எதிர்ச் சுவரைப் பார்த்துக் கேட்பாள். சுவர் என்ன சொல்லும், பாவம்.

நாத்தனாரையும் குறை சொல்ல மனம் வராது. பெற்றவர்கள் அடுத்தடுத்துக் கண்ணை மூடியபோது தம்பிக்குப் பால் பல்கூட விழவில்லை. வந்த வரன்களையெல்லாம் திருப்பியனுப்பிவிட்டு அவனை இடுப்பை விட்டு இறக்காமல் வளர்த்தவள் அவள். அவன் தலையெடுத்து, தையல் கடை வைத்து, துணி வெட்டுவதில் பேர் வாங்கி எல்லோருக்கும் 'மாஸ்டர்' ஆன பிறகும் அவளுக்கு அவன் ஊட்டிவிட வேண்டிய பிள்ளைதான்.

அந்த மாஸ்டருக்குத்தான் வெட்டு மேசை முன்னால் நின்றபடியே பக்கவாதம் வந்தது. வலது கை விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. 'ம்' என்பதும் தலையசைப்பும்தான் மிச்சம்.

பிசியோதெரபிஸ்ட் பெண்மணி வீட்டுக்கு வந்து அவளுக்குக் கற்றுக்கொடுத்தது யோகா, மனப்பயிற்சி, உடற்பயிற்சி எல்லாம் கலந்த வைத்தியம். முதலில் கண்ணை மூடி மெல்ல மூச்சு விட வேண்டும். அந்த மூச்சோடு மூச்சாக விழுந்த கையைத் தோளிலிருந்து விரல் நுனி வரை மனத்தால் தொட்டுக்கொண்டே போக வேண்டும். அதன் பிறகு நாற்காலியில் உட்கார்ந்தபடியே செய்கிற எளிய ஆசனங்கள், இறுகின தோள் தளர்வதற்கு. கடைசியில்தான் கஷ்டமான பாடம். நல்ல கையை மெத்தென்ற துணியால் நாற்காலியோடு சற்று நேரம் கட்டிவிட வேண்டும். அது சும்மா இருந்தால்தான் இது வேலை கற்கும்.

கடையிலிருந்து பொத்தான்களைக் கொண்டுவந்து தட்டில் கொட்டியிருந்தாள். அவற்றை எடுத்துப் பக்கத்துக் கிண்ணத்தில் போட வேண்டும். எத்தனையோ பேருக்குச் சட்டை வெட்டிய மனுஷன் ஒரு பொத்தானை எடுக்க முடியாமல் எச்சில் வழிய அழுவார். அவள் அழமாட்டாள். அவளும் அழுதுவிட்டால் அடுத்த பொத்தானை யார் எடுக்கச் சொல்வது?

கதவைச் சாத்தச் சொன்னது அவர்தான். முதல் நாள் அக்கா உள்ளே வரப் பார்த்தபோது, கண்ணால் கதவைக் காட்டி வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். வளர்த்தவள் கண் முன்னால் இப்படி உட்கார்ந்திருக்க அவருக்குப் பிடிக்கவில்லை. அதை நாத்தனாரிடம் எந்த வாயால் சொல்வது? சொன்னால் அந்த மனுஷி அன்றைக்கே ஒடிந்துபோவாள். பழி தன் தலையிலேயே விடியட்டும் என்று அவள் பேசாமல் இருந்துவிட்டாள்.

ஒரு நாள் காலை தாழ்ப்பாள் சரியாக விழவில்லை. மாஸ்டரின் கட்டை விரல் மெல்ல விரிந்து ஒரு கறுப்புப் பொத்தானைப் பிடித்தே விட்டது. கிண்ணத்துக்குப் போகிற வழியில் அது நழுவியது. அவர் வாய்விட்டு அலறினார். கதவைத் தள்ளிக்கொண்டு நாத்தனார் உள்ளே வந்துவிட்டாள்.

"கட்டிப் போட்டிருக்கியா... மாட்டைக் கட்டற மாதிரி?"

"அண்ணி, டாக்டரம்மா சொல்லித்தான்..."

"இருக்கிற ஒரு கையையும் கட்டுன்னு எந்த டாக்டர் சொல்லுவா? வாயில்லாதவன்னுதானே இந்தப் பாடு படுத்தறே. என் தம்பி எனக்குப் பாரமில்லை. நீ கிளம்பு."

மாஸ்டர் "ம்... ம்..." என்று தவித்தார். போகாதே என்று அவளுக்குக் கேட்டது. நாத்தனாருக்கோ, வலிக்கிறது என்று கேட்டது.

உண்மை அவள் நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டு, துணியை அவிழ்த்து மடித்து அவர் மடியில் வைத்துவிட்டு வெளியேறினாள்.

அன்றிலிருந்து கடையின் பின்கட்டு அறையில் அவளுக்குப் படுக்கை. பகலெல்லாம் மெஷின். சாயங்காலம் வீட்டு வாசலில் போய் நிற்பாள். அவன் தூங்குகிறான் என்று கதவுக்குப் பின்னாலிருந்து பதில் வரும். பிசியோதெரபிஸ்டுக்கும் அதே பதில்தான். உள்ளே நாத்தனார் தம்பியைக் குளிப்பாட்டினாள், தலை வாரினாள், வேளாவேளைக்கு ஊட்டினாள். ஒரு குறையும் வைக்கவில்லை. விழுந்த கை மட்டும் நாளுக்கு நாள் மடங்கி, மார்போடு ஒட்டி, விரல்களை மூடிக்கொண்டது.

ஒரு மத்தியானம் சாப்பாட்டுக் கிண்ணத்தோடு வந்த நாத்தனார் அறை வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். மாஸ்டர் அந்தத் துணியை இடது மணிக்கட்டின் மேல் போட்டு, ஒரு நுனியைப் பல்லால் கடித்து இழுத்துக்கொண்டிருந்தார். தன் நல்ல கையைத் தானே நாற்காலியோடு கட்டப் பார்க்கிறார். அவள் ஸ்பூனை நீட்டினாள். அவர் வாயைத் திறக்கவில்லை. கடித்த துணியை விடவும் இல்லை.

செருப்புக்கூடப் போடாமல் அவள் கடைக்கு ஓடினாள். மெஷின் நின்றது.

"அவனே கட்டிக்கறான்டி... பல்லால. நான் ஊட்டி ஊட்டியே அந்தக் கையைக் கொன்னுட்டேன்." நாற்காலியில் உட்கார வைத்தும் அவளுக்கு மூச்சு அடங்கவில்லை. "கதவைத் திறந்து வச்சிருந்தா நான் பார்த்துப் புரிஞ்சிருப்பேனே. ஏன் சாத்தினே?"

தம்பி மனைவி மெஷின் ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாத்தனாரின் முகம் மெல்ல மாறியது.

"அவன்தான் சாத்தச் சொன்னானா?"

"உங்க மனசு தாங்காதுன்னு... அண்ணி..."

"அதுக்காக நீ கெட்டவளா நின்னியா?"

அவள் முகத்தை இரண்டு கைகளிலும் வாரி எடுத்துக்கொண்டு நாத்தனார் அழுதாள். அவர் விழுந்த நாளிலிருந்து அடக்கி வைத்திருந்ததெல்லாம் உடைந்து அவளும் அந்தத் தோளில் சாய்ந்து அழுதாள்.

இரண்டு பேரும் வீடு திரும்பினார்கள். பிசியோதெரபிஸ்ட் வந்து கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தோளையும் முழங்கையையும் மீட்டுவிடலாம் என்றாள். விரல்கள் இனிமேல் கத்தரிக்கோல் பிடிக்குமா என்று கேட்டதற்கு மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள். அதைக் கேட்டும் மாஸ்டர் அழவில்லை. பொத்தான் தட்டைத்தான் பார்த்தார்.

மறுநாள் காலை நாத்தனார் பழக்கத்தில் வெளியே நாற்காலி போட்டாள். உள்ளேயிருந்து "ம்" என்று குரல் வந்தது. நிமிர்ந்து பார்த்தால் கதவு திறந்திருந்தது. தம்பி கண்ணால் பக்கத்து இடத்தைக் காட்டினான்.

துணியைக் கட்டியது நாத்தனார்தான். வலிக்கிறதா என்று மூன்று தடவை கேட்டுவிட்டாள். மூன்று பேரும் கண்ணை மூடி மூச்சை மெல்ல இழுத்து விட்டார்கள். பிறகு கோட்டுக்குத் தைக்கிற பெரிய பொத்தான் ஒன்றை மனைவி தட்டின் நடுவில் வைத்தாள். மடங்கிய விரல்கள் அதை உரசின, தள்ளின, தவறவிட்டன.

நாத்தனாரின் கை தன்னையறியாமல் தட்டை நோக்கி நீண்டது. பாதியில் நின்றது. அவள் தன் இரண்டு கைகளையும் முந்தானைக்குள் சுற்றி இறுக்கிக்கொண்டு, கண்ணீரைத் துடைக்காமல் காத்திருந்தாள்.