வடக்கே திரும்பிய தலை

ராதாபுரத்திலிருந்து கிளம்பிய மாட்டுவண்டி, பாளையங்கோட்டைக்கு வெளியே இருந்த அந்தச் சிறிய ஆஸ்பத்திரி வாசலில் நின்றபோது வெயில் ஏறியிருந்தது. மாரிக்கண்ணுவும் வண்டிக்காரனும் தளவாயைத் தூக்கி இறக்கினார்கள். அவள் புருஷனுக்குக் கன்னத்தில் தொடங்கிய புற்று, காதைத் தாண்டித் தலைக்குள் போயிருந்தது. பிழைக்கமாட்டான் என்று அவளுக்குத் தெரியும். வலிப்பு வந்து, அவள் முகம்கூடத் தெரியாமல் அவன் போய்விடக் கூடாது. அந்த ஒன்றுக்காகத்தான் வந்தாள்.

அங்கிருந்த வெள்ளைக்கார டாக்டர், ஜெர்மனியிலிருந்து கப்பலில் வந்த புது வலிப்பு மருந்தைப் புற்று நோயாளிகளுக்குக் கொடுத்துச் சோதித்துக்கொண்டிருந்தார். வலிப்பு வருமுன்பே கொடுத்தால் அது வராமலே இருக்குமா என்று பார்க்கிறாராம். காலியாயிருந்த ஒரு கட்டிலில் தளவாயை வடக்கே தலைவைத்துக் கிடத்தச் சொல்லிவிட்டு, அவர் கிராமங்களைப் பார்க்கக் கிளம்பிவிட்டார்.

வடக்கே தலைவைத்தால் விளங்குமா? டாக்டரின் வண்டிச் சத்தம் அடங்கியதும் மாரிக்கண்ணு அவனைத் தெற்கே திருப்பிப் போட்டாள்.

நீண்ட வார்டு. கார்பாலிக் நெடியையும் மீறிப் புண்களின் வாடை அடித்தது. யாரும் உரக்கப் பேசவில்லை. சாயங்காலம் கம்பவுண்டர் எலியேசர் வந்தார். தளவாயின் தலை இருந்த பக்கத்தைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். சொல்லவில்லை. ஒரு பொட்டலப் பொடியைத் தண்ணீரில் கலக்கி ஊட்டிவிட்டுப் போனார்.

மறுநாள் மத்தியானம் கிணற்றடியில் துணி அலசிவிட்டு வந்தாள்.

தளவாயின் தலை வடக்கே இருந்தது.

அவனால் தானாகப் புரளக்கூட முடியாது. பக்கத்துக் கட்டிலில் மகனைப் பார்த்துக்கொண்டிருந்த ஆறுமுகத்தாயிடம் கேட்டாள்.

"அந்தக் கட்டில நாங்க எதுக்குத் தொடப்போறோம்?" என்ற ஆறுமுகத்தாய், தன் பாயை இன்னும் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டாள்.

அதற்கடுத்த நாளும் அப்படியே நடந்தது. ஒவ்வொரு தடவையும், மருந்து வரும் நேரத்துக்குள் மாரிக்கண்ணு அவனைத் தெற்கே திருப்பிவிட்டாள்.

பிறகு ஒருநாள் கிணற்றுக்குப் போவதுபோல் போய், கதவுக்குப் பின்னால் நின்றாள். உச்சிவெயில். கத்திக்கொண்டிருந்த காக்கை சட்டென்று நிறுத்தியது.

தளவாயின் தோளருகே விரிப்பு அமுங்கியது.

இரண்டு குழிகள். உள்ளங்கை அளவு.

அவன் தோள் மெல்ல மேலே எழும்பியது. தளவாய் கண்ணைத் திறந்து, தனக்கு மேலே யாரையோ பார்த்தான். அந்தப் பார்வையில் பயம் இல்லை.

"பைய... பையத் தூக்கு, தாயி."

மாரிக்கண்ணு ஓடிவந்து அவன் கால்களைக் கட்டிப்பிடித்தாள். எதிர்ப்பக்கம் எதுவோ இழுத்தது. அந்த இழுப்பில் மூர்க்கம் இல்லை, கெஞ்சுவதுபோல் இருந்தது. அவள் விடவில்லை. கடைசியில் அதுதான் விட்டுக்கொடுத்தது.

சாயங்காலம் தெற்கே தலைவைத்தபடியே பொடியைக் குடித்தான். விளக்கேற்றுமுன் வலிப்பு வந்தது. கட்டில் தரையில் தடதடத்தது. ஓய்ந்தபின் அவள் முகத்தையே வெகுநேரம் பார்த்தான்.

"யாரு நீ?" என்றான்.

அதற்குப் பிறகு அவனுக்கு மூச்சு வரவில்லை.

விடிந்ததும் எலியேசர் வந்து அவள் பக்கத்தில் குத்தவைத்தார்.

"வடக்கே தலை வச்சிருக்கவுகளுக்கு மருந்து. தெக்கே வச்சிருக்கவுகளுக்கு வெறுஞ் சீனி. ரெண்டையும் ஒத்துப் பாக்கணும், ஆருகிட்டயும் மூச்சு விடப்படாதுன்னு தொரை உத்தரவு. சொன்னா சோலி போயிரும்னு இருந்துட்டேன்."

"மருந்து குடிச்சவுக பொழைச்சாவளா?"

"இல்ல. ஆனா ஆளத் தெரிஞ்சுக்கிட்டே போனாவ."

அவர் கட்டில் சட்டத்தைத் தடவினார். இவனுக்கு முன்னால் அதில் கிடந்தது தன் மனைவி பியூலா என்றார். டாக்டர் அவளைத் தெற்கே கிடத்தினாராம். "சீனிய நாந்தான் ஊட்டுனேன்" என்றார்.

மாரிக்கண்ணு அந்தக் குழிகளைப் பற்றிச் சொன்னாள். அவர் சட்டத்திலிருந்து கையை எடுத்தார்.

"என்னைய ஏதும் கேட்டாளா?"

அவள் விரிப்பைத் தளவாயின் முகம்வரை இழுத்துவிட்டாள்.

பிணத்துக்கு வண்டி வருமுன்பே கட்டிலைக் கழுவிவிட்டார்கள். கிராமங்களிலிருந்து திரும்பியிருந்த டாக்டர் வேறொருவனை அதில் வடக்கே தலைவைத்துக் கிடத்திவிட்டுப் போனார். அவர் நகர்ந்ததும் அவன் பெண்டாட்டி அவனைத் தெற்கே திருப்பினாள். மாரிக்கண்ணு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வடக்கேயே கெடக்கட்டும், அக்கா. அங்கன இருந்தாத்தான் மருந்து குடுப்பாவ."

"ஒம் புருசன் போன மாதிரி எம் புருசனும் போகணுமாக்கும்?"

கையை உதறிவிட்டு, அவள் தன் புருஷனின் கால்மாட்டில் உட்கார்ந்துகொண்டாள். வார்டில் பேச்சு நின்றது.

அவன் தோளருகே விரிப்பு அமுங்கியது.

அந்தக் குழிகளுக்குப் பக்கத்தில், மெல்ல, இன்னும் இரண்டு விழுந்தன. அவை அகலமாக இருந்தன, ஆண்பிள்ளைக் கைகளைப்போல.