ஊசியக்காவின் டம்ளர்

காலை ஏழு மணி. சுகாதார நிலையத்தில் இருந்த தடுப்பூசி மருந்து மொத்தமும் கெட்டுவிட்டது என்ற சேதி தெரு முழுக்கப் பரவிவிட்டது. பிள்ளைகளை இடுப்பில் வைத்திருந்த தாய்மார்கள் சுகாதார மேற்பார்வையாளரின் ஜீப்பைச் சுற்றி நின்று, அதை அசைய விடவில்லை. பின்சீட்டில் ஓர் ஐஸ் பெட்டி இருந்தது. அதைப் பார்த்தபடியே, விசாரிக்க வந்த பெண் போலீஸ் இன்ஸ்பெக்டர் உள்ளே போனார்.

ஒரு வாரமாக இந்தத் தெருவில் தட்டம்மை. பாலத்துக்கு அந்தப் பக்கம், வசதியானவர்கள் இருக்கும் பகுதியில், ஒரு பிள்ளைக்குக்கூட இல்லை. நல்ல தண்ணீரும் மருந்தும் முதலில் அங்கே போகும். இந்தப் பக்கம் வருவது மிச்சம் மீதிதான். அதை நினைத்தாலே இன்ஸ்பெக்டருக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மருந்தறைக்கு இரண்டே சாவிகள். ஒன்று மேற்பார்வையாளரிடம், மற்றது நர்ஸிடம். தெரு அவளை ஊசியக்கா என்றுதான் கூப்பிடும். பூட்டு உடையவில்லை.

"நேத்து ராத்திரி பூரா தெருவுல கரண்ட் இல்ல மேடம்," என்றார் மேற்பார்வையாளர். "விடியக்காலையில சோதனைக்கு வந்தேன். ஃபிரிட்ஜைத் திறந்தா ஐஸ் பூரா உருகி ஒரே தண்ணி. உடனே அறையைப் பூட்டிட்டேன்."

"இப்ப ஓடுதே?"

"நான் வந்தப்புறம்தான் கரண்ட் வந்துச்சு. இந்தத் தெருவுக்கு இதெல்லாம் தாங்காதுன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். நிலையத்தை மூடறதுக்கு உத்தரவு கையிலயே இருக்கு."

நல்ல முன்யோசனைதான் என்று இன்ஸ்பெக்டர் நினைத்துக்கொண்டார்.

வாசலில் ஊசியக்கா கொதித்தாள். "என் வேலை போனா போகட்டும்! இனிமே வர்ற மருந்தும் அந்தப் பக்கமே போனா இந்தப் பிள்ளைங்க எங்க போகும்? என்னை உள்ள விடுங்க!"

"உங்க முறை வரும்," என்று சொல்லிவிட்டு இன்ஸ்பெக்டர் ஃபிரிட்ஜைத் திறந்தார். சூடு பட்டால் கறுக்கும் அடையாளச் சீட்டு ஒவ்வொரு குப்பியிலும் கறுத்திருந்தது. மேலே உறைபெட்டியில் ஒரு டம்ளர் நிறைய ஐஸ். அதன்மேல் ஒரு காசு. யாரோ விளையாட்டாக வைத்தது போலிருந்தது. ஃபிரிட்ஜின் ஒயர் சுவரிலிருந்த பிளக்கை விட்டுவிட்டு சுவரின் மேலிருந்த வென்டிலேட்டர் துவாரம் வழியாக வெளியே போனது.

"ஐஸ் உருகினதைக் கண்ணால பாத்தீங்களா சார்?"

"பின்ன? சொட்டச் சொட்ட."

"சரி. நர்ஸம்மா, வாங்க. இந்தக் காசு எதுக்கு?"

ஊசியக்கா எட்டிப் பார்த்தாள். அன்று முதல்முறையாகச் சிரித்தாள். "காவலுக்கு மேடம். ஆள் இல்லாதப்போ ஐஸ் உருகினா காசு அடியில போயிடும். திரும்ப உறைஞ்சாலும் மேல வராது."

"ஒயர் எங்க போகுது?"

"பக்கத்து வெல்டிங் பட்டறைக்கு. கரண்ட் போனா அண்ணன் ஜெனரேட்டர் போட்டுடுவாரு. டீசலுக்குத் தெருவே சேர்ந்து குடுக்குது."

இன்ஸ்பெக்டர் மேற்பார்வையாளர் பக்கம் திரும்பினார்.

"காசு மேலயே இருக்கு சார். இந்த ஐஸ் உருகவே இல்ல. அப்ப மருந்து கெட்டது இங்க இல்ல. கெட்ட மருந்து வெளியிலேர்ந்து உள்ள வந்திருக்கு. நர்ஸம்மா மாத்தியிருந்தா, உருகாத ஐஸை உருகுச்சுன்னு நீங்க ஏன் பொய் சொல்லணும்? மாத்தினது நீங்க. தெரு இருட்டாத்தான் கிடந்திருக்கும்னு நம்பிட்டீங்க. ஜீப்புல இருக்கிற பெட்டியைத் திறங்க."

பெட்டிக்குள் நல்ல மருந்து அத்தனையும் இருந்தது. ஒரு சீட்டுகூடக் கறுக்கவில்லை.

"அந்தப் பக்கத்து ஃபிரிட்ஜ் போன வாரமே நின்னு போச்சு மேடம்," என்று அவர் முனகினார். "யாரும் கவனிக்கல, அங்க இருந்த மருந்து பூரா கெட்டுடுச்சு. பெரிய இடத்துப் பிள்ளைங்க... கேள்வி வரும்."

"இந்தப் பிள்ளைங்களுக்குக் கேள்வி கேக்க ஆளில்லன்னு நெனச்சீங்களா? உங்க ஜீப்பைச் சுத்தி நிக்கிறது யாரு?"

ஊசியக்கா யாருக்கும் காத்திருக்கவில்லை. மேற்பார்வையாளர் மேசையில் வைத்திருந்த மூடும் உத்தரவை எடுத்து நாலாக மடித்து, ஆடிக்கொண்டிருந்த மேசைக் காலுக்கு அடியில் செருகினாள். இன்ஸ்பெக்டர் அதைப் பார்க்காதது போல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"மேசை ஆட்டம் நின்னுடுச்சு," என்றாள் ஊசியக்கா வாசலைப் பார்த்து. "பிள்ளைங்களைக் கொண்டாங்க. ஊசி இங்கதான்."