லேட் போடட்டுமாக்கா?

மனுவில் ‘லேட் கோவிந்தன் மனைவி பச்சையம்மாள்’ என்று இருந்தது. கோவிந்தனோ கடை வாசலில் நின்று பஜ்ஜி தின்றுகொண்டிருந்தார்.

தமிழ்செல்வி தலையில் அடித்துக்கொண்டாள். “செத்தவங்க பேருக்கு முன்னாடிதான், சரோஜா, லேட்னு போடணும். உயிரோட இருக்கிற மனுஷன கொன்னுட்டியே!”

“சரிங்கக்கா” என்றாள் சரோஜா. அந்தச் சொல்லை அழித்துவிட்டு வேறு பிரதி எடுத்துக் கொடுத்தாள். கோவிந்தன் சிரித்துக்கொண்டே கையைத் துண்டில் துடைத்தார்.

வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்கு எதிரே ஜெராக்ஸ், டைப்பிங் கடை தமிழ்செல்வியுடையது. திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளென்றால் மனு எழுத வருகிற கூட்டம் ரோடு வரை நிற்கும். ‘டைப்பிங் கற்றுக்கொள்ள ஆள் தேவை’ என்று பேப்பர் ஒட்டி இரண்டு மாதமாக ஒரு நாயும் எட்டிப் பார்க்கவில்லை. ஒட்டியதைக் கையோடு கிழித்து எடுத்துக்கொண்டு வந்து நின்றவள் இந்த சரோஜா. முப்பது வயதிருக்கும். எந்த ஊர் என்று கேட்டால் “பக்கம்தாங்கக்கா” என்பாள். தமிழ்செல்வி அடித்தால் அந்தப் பழைய கீபோர்டு தெரு வரை கடகடவென்று கத்தும். சரோஜா அடிக்கும்போது அதிலிருந்து சத்தமே வராது, வாசலில் ஆட்டோக்காரர்கள் கூவுவதும் காகிதம் மடிக்கிற சரசரப்பும் மேலே ஃபேன் இழுத்து இழுத்துச் சுற்றுவதும்தான் கேட்கும், கூடவே டோனர் வாசனையையும் மீறி அப்போதுதான் தோண்டிய குழியின் ஈர மண் வாசனை அவள் பக்கமிருந்து வந்துகொண்டே இருக்கும். தமிழ்செல்வி கண்டுகொள்ளவில்லை. வந்த ஆளை விரட்டிவிட்டு எல்லா மனுவையும் தானே அடித்துச் சாக அவளுக்கென்ன பைத்தியமா?

அடுத்த திங்கட்கிழமை பச்சையம்மாள் வந்தாள். நெற்றி வெறுமையாக இருந்தது.

“வாரிசு சான்றுக்கு மனு அடிக்கணும்மா. அன்னிக்கு வூட்டுக்குப் போயி படுத்தாரு. எழுந்துக்கவே இல்ல.” மூக்கை உறிஞ்சிக்கொண்டு சரோஜாவைப் பார்த்தாள். “இந்தப் பொண்ணு மொதல்ல அடிச்சதுதான் சரி போல.”

தமிழ்செல்வி வாரிசு மனுவைத் தானே அடித்தாள். பச்சையம்மாளை அனுப்பிவிட்டு, சரோஜா அடித்த மனுக்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். இன்னும் இரண்டில் லேட் இருந்தது. மனுவில் கண்ட நம்பர்களுக்குப் போன் போட்டாள். ஒரு வீட்டில், மனு கொடுத்தபோது நன்றாகத்தான் இருந்தார், நேற்றுதான் காரியம் முடிந்தது என்றார்கள். இன்னொரு வீட்டில் போனை எடுத்தார்கள். பின்னால் சாவு மேளம் கேட்டது.

இன்றோடு இவளை அனுப்பிவிட வேண்டும். வாயெடுக்கும்போதுதான் மகன் அருண்பிரசாத் போனில் கூப்பிட்டான்.

பிள்ளைக்குக் காலேஜில் இடம் கிடைத்தாயிற்று. முதல் பட்டதாரி சான்று வேண்டும், அதற்கு அப்பா கையெழுத்து வேண்டும், நாளைக்குக் கடைசி நாள். அப்பன் மாறனோ எட்டு வருடமாகக் கீழ்பென்னாத்தூரில் இன்னொருத்தியோடு குடித்தனம் நடத்துகிறவன். மூன்று முறை பிள்ளையை வெறுங்கையோடு திருப்பி அனுப்பினான். அருண் பைக்கில் போயிருப்பது நான்காவது முறை. அந்தப் பிள்ளையை விட்டால் தமிழ்செல்விக்கு வேறு நாதியில்லை.

“மாட்டேன்றாரும்மா. வாசல்லயே நிக்க வெச்சு, நீ படிச்சு என்னாத்த கிழிக்கப் போறன்றாரு.” பிள்ளையின் குரல் உடைந்தது.

“நீ வந்துடு கண்ணு. வெயில்ல நிக்காத.”

போனை வைத்தாள். உடம்பெல்லாம் எரிந்தது. படுபாவி. பெற்ற பிள்ளைக்கு ஒரு கையெழுத்துப் போடக் கை வலிக்கிறதா அவனுக்கு?

கரண்ட் போனது. ஃபேன் நின்றது. யுபிஎஸ் பீப் பீப் என்று கத்தியது. ஈர மண் வாசனை மூக்கை அடைத்தது. திரையில் அருணின் படிவம் திறந்திருந்தது. அதன் முன்னால் சரோஜா.

“அப்பா இல்லாத பசங்களுக்குக் கையெழுத்து தேவையில்லதானேக்கா?”

தமிழ்செல்வி திரையில் மாறன் என்ற பெயரைப் பார்த்தாள்.

“லேட் போடட்டுமாக்கா?”

வேண்டாம் என்று சொல்ல வேண்டும். ஒரே சொல்தான். தொண்டை வரை வந்தது. எட்டு வருடமும் கூடவே வந்தது. அவள் வாயை மூடிக்கொண்டு ஜெராக்ஸ் மிஷினைப் பார்த்தாள்.

சரோஜாவின் விரல்கள் அசைந்தன. சத்தம் வரவில்லை.

தமிழ்செல்விக்குப் பயமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது, அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

பத்து நிமிடம் ஆகியிருக்காது. மறுபடி அருண்.

“அம்மா! மனசு மாறிட்டாரும்மா! ஆபீசுக்கே வந்து கையெழுத்து போடறேன்னு கெளம்பிட்டாரு. என் வண்டிலதான் வராரு. பின்னாடி உக்காந்திருக்காரு, பேசறியா?”

போனில் காற்று இரைந்தது. லாரி ஹாரன்.

“வண்டிய நிறுத்துடா! அருண், எறங்குடா!”

“என்னாம்மா? கேக்கல. காத்து ஜாஸ்தியா...”

பாய்ந்து கீபோர்டைப் பிடுங்கினாள். லேட்டை அழித்தாள். அழிந்தது. போய்விட்டது. மாறன் என்று மட்டும் இருந்தது.

போனில் பெரிய சத்தம்.

பிறகு ஒன்றுமில்லை. இல்லை, ஏதோ கேட்டது. ஒரு சக்கரம். தரையைத் தொடாமல், சும்மா, சுற்றிக்கொண்டிருந்தது.

“அருண்?”

சக்கரம்.

“அருண், கண்ணு?”

சரோஜா கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். விண்ணப்பதாரர் பெயர் என்ற இடத்தில் இருந்த அருண்பிரசாத்தை ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள். விரல்களைக் கீபோர்டில் வைத்தபடி, வேலை பழக வந்தவளுக்குரிய அடக்கத்தோடு, தலையைத் திருப்பிக் கேட்டாள்.

“இந்த எடத்துல இப்ப யார் பேருக்கா போடணும்?”