பாதி நிழல்

சியாங் மாய் பக்கத்தில், குடைக்குப் பேர்போன போ சாங்கில் நான் வண்டியை நிறுத்தியபோது உச்சிவெயில். ஏப்ரல் மாதம். கதவைத் திறந்ததும் தார்ச்சாலையின் அனல் முகத்தில் அறைந்தது. ரத்தியா வெயிலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் நேரே குடைக்கடைகளைப் பார்த்து நடந்தாள்.

என் மனைவி அவள். தெற்கே, எங்கள் கடலோர ஊரான த்ராங்கில் துணிக்கடை வைத்திருக்கிறாள். எதையும் கையால் தடவிப் பார்த்துத்தான் நம்புவாள். சியாங் மாய்க்கு வந்ததிலிருந்து பட்டு நூலைப் பிரித்துத் தீயில் காட்டியும், பீங்கானைச் சுண்டிப் பார்த்தும், அரக்குப் பெட்டியை மோந்து பார்த்தும் கடைக்காரர்களின் உயிரை வாங்கிக்கொண்டிருந்தாள்.

"வெள்ளைக்காரன் தலையில கட்டுற சாமான் எனக்கு எதுக்கு? இவங்க வீட்டுல புழங்குறது வேணும்."

முதல் கடையில் ஒரு குடையை விரித்தாள். நீல வானம், யானை, தாமரை. மடக்கி வைத்தாள்.

"இந்த யானைய வரைஞ்சவன் யானையையே பார்த்ததில்லைங்க. எருமைக்குத் தும்பிக்கை வச்ச மாதிரி இருக்கு."

கடைக்காரி வடக்கத்திப் பேச்சில் இழுத்து இழுத்து ஏதோ விலை சொன்னாள். அவள் சொல்லி முடிப்பதற்குள் ரத்தியா இரண்டு கடை தாண்டியிருந்தாள். இப்படியே போய், சந்தின் கடைசி வீட்டுக்கு வந்துவிட்டோம்.

அங்கே பெயர்ப்பலகை இல்லை. முற்றம் முழுக்கக் குடைகள் விரிந்து காய்ந்துகொண்டிருந்தன. எண்ணெய் பூசிய காகிதத்தின் வாடை தொண்டையைக் கமறியது. உன்ருவன் என்ற பெண் கூடத்தில் உட்கார்ந்து மூங்கில் கம்பிகளில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். நாற்பது வயது இருக்கும். எங்களைப் பார்த்துச் சிரித்தாள். ரத்தியா கூடத்து மூலையைக் கைகாட்டியதும் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது.

அங்கே ஒரு குடை சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. படம் எதுவும் இல்லை. காய்ந்த ரத்தத்தின் நிறம்.

"அது பழசுக்கா."

"பழசுதான் எனக்கு வேணும்."

உன்ருவன் வாசலை ஒரு தடவை எட்டிப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"எடுத்துக்கோங்க. அவர் மூங்கில் வெட்டப் போயிருக்கார். வர்றதுக்குள்ள கொண்டு போயிடுங்க."

அவள் கேட்ட விலைக்கு ஒரு வேளைச் சாப்பாடுகூட வராது. ரத்தியா பேரம் பேசவே மறந்துவிட்டாள். உன்ருவன் குடையைத் தொடவில்லை. "நீங்களே எடுத்துக்கோங்கக்கா" என்று சொல்லிவிட்டுப் பின்னால் நகர்ந்துகொண்டாள்.

ரத்தியா வாசலிலேயே அதை விரித்தாள். உள்பக்கத்து நூல் முடிச்சுகளை விரலால் வருடினாள்.

"கைவேலைன்னா இதுங்க. யாரோ யாருக்காகவோ ஆசையாச் செஞ்சிருக்காங்க."

பைகளைத் தூக்கிக்கொண்டு நான் அவள் பின்னால் நடந்தேன். கொஞ்ச தூரம் போனதும்தான் கவனித்தேன். அவளுடைய வலது தோளில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

"குடைய நேராப் பிடி."

"நேராத்தானே பிடிச்சிருக்கேன்?"

காம்பு நேராகத்தான் இருந்தது. ஆனால் அவள் குடையின் நடுவில் இல்லை. ஒரு குடையில் இரண்டு பேர் போகும்போது ஓரத்தில் இருப்பவர் நடப்பாரே, அப்படி நடந்துகொண்டிருந்தாள்.

பக்கத்தில் யாரும் இல்லை.

அடுத்த நாளும் சந்தைக்கு அந்தக் குடையைத்தான் எடுத்துப் போனாள். திரும்பும்போது வலது கை முழுக்கச் சிவந்து, தோளில் கொப்புளம் கண்டிருந்தது. கற்றாழைச் சோற்றைத் தடவிவிட்டேன். "தென்கடல்ல காஞ்ச உடம்பு, இந்த மலைநாட்டு வெயில் என்னைச் சுட்டுடுச்சு பாருங்க" என்று சிரித்தாள்.

மறுநாள் காலை அவள் எழுந்திருக்கவில்லை. குளிர்சாதனம் ஓடிக்கொண்டிருந்தது. திரைகளை இழுத்து மூடியிருந்தேன். விடுதி அறை நல்ல இருட்டு.

"திரைய மூடுங்க," என்றாள்.

"மூடித்தாம்மா இருக்கு."

"கண்ணு கூசுதுங்க. மேலே நேரா அடிக்குது."

நெற்றியில் கை வைத்தேன். சுட்டது. காய்ச்சல் சூடு உள்ளிருந்து வரும். இது மேலே மட்டும் இருந்தது, வெயிலில் கிடந்த தகரத்தைத் தொடுவது போல. திரை இடுக்கில் கசிந்த மங்கல் வெளிச்சத்தில் அவள் முகத்தைப் பார்த்தேன். அந்த இருட்டிலும் அவளுடைய கண்மணிகள் கடுகளவுக்குச் சுருங்கிப் போயிருந்தன.

அவள் மீது வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் குளுகோஸ் ஏற்றினார்கள். ஐஸ் கட்டிகளை அக்குளில் வைத்தார்கள். வைத்த வேகத்தில் அவை தண்ணீராகிப் போயின. ரத்தத்தில் ஒன்றுமில்லை, நுரையீரலில் ஒன்றுமில்லை. மறுநாள் காலை இளவயது டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ராத்திரி இவங்களை வெளியில கூட்டிட்டுப் போனீங்களா?"

"கட்டிலை விட்டே இறங்கலைங்க."

"நேத்து இல்லாத கொப்புளம் இன்னைக்கு முகத்துல இருக்கு. வெயில் பட்ட கொப்புளம்தான் அது." அவர் பார்வையைத் தாழ்த்திக்கொண்டார். "எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல."

நான் குடையை எடுத்துக்கொண்டு போ சாங்குக்கு ஓடினேன்.

உன்ருவன் என்னைத் தூரத்திலேயே பார்த்துவிட்டாள். "உள்ள கொண்டு வராதீங்க! கும்பிடுறேன், உள்ள கொண்டு வராதீங்க!" என்று கத்திக்கொண்டே கதவைச் சாத்தினாள். சத்தம் கேட்டு அவள் புருஷன் பின்கட்டிலிருந்து வந்தார். கம்மூன் என்று பெயர். ஒல்லியான மனிதர். என் கையில் இருந்த குடையைப் பார்த்தார்.

"இதை வித்துட்டாளா?" என்று கதவைப் பார்த்துக் கேட்டார்.

உள்ளே இருந்து அழுகைதான் கேட்டது.

முற்றத்தில் குந்தியபடி அவர் சொன்னார். சேங்லா அவருடைய முதல் மனைவி. ஒரு சித்திரை வெயிலில், வயலில் தனியாக இருந்தபோது மயங்கி விழுந்தவள். யாரும் பார்க்கவில்லை. சாயங்காலம் அவர் போகும்வரை ஒதுங்க ஒரு மரமில்லாமல் அப்படியே கிடந்து உயிரை விட்டிருக்கிறாள். போன இடத்திலாவது அவளுக்கு நிழல் இருக்கட்டும் என்று இந்தக் குடையைத் தன் கையால் செய்து, அவள் பேருக்குக் கோயிலில் தானம் கொடுத்தார்.

"அப்புறம் இது எப்படி உங்க வீட்டுக்கு வந்துச்சு?"

அவர் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தார்.

"அவ ஞாபகமா வேற ஒண்ணுமே இல்லைங்க. ஒரு நாள் போய் எடுத்துட்டு வந்துட்டேன். கொடுத்ததைத் திரும்ப எடுத்துட்டேன். அவளும் கூடவே வந்துட்டா. இதை விரிச்சா என் பக்கத்துல நிப்பா. எனக்குப் பாதி, அவளுக்குப் பாதி. எனக்கு அது போதும்னு இருந்துச்சு."

"என் மனைவி செத்துக்கிட்டிருக்கா," என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது. "தயவுபண்ணி உங்க மனைவியக் கூப்பிட்டுக்கோங்க."

கம்மூன் குடையை வாங்கினார். வெயிலில் போய் நின்று விரித்தார். பாதி இடத்தைக் காலியாக விட்டு, பழக்கப்பட்டவர் போல ஓரமாக ஒதுங்கினார்.

"சேங்லா," என்று மெல்லக் கூப்பிட்டார்.

காற்று அசையவில்லை. அவர் காத்திருந்தார். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நடுவுக்கு நகர்ந்தார். தன் வலது தோளைப் பார்த்தார். இடது தோளைப் பார்த்தார்.

இரண்டு தோளிலும் நிழல் விழுந்திருந்தது.

அவர் முகம் கோணிக்கொண்டு போனது. சின்னப் பிள்ளை போல விம்மினார்.

"அவ இதுல இல்லைங்க."

"அப்படின்னா?"

"குடைய விட்டுட்டா. இனி அவளுக்கு இது வேண்டாம்."

அவரையும் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தேன். ரத்தியா கட்டிலின் ஓரத்தில், விழுந்துவிடுவாளோ என்று பயப்படும் அளவுக்கு ஒதுங்கிப் படுத்திருந்தாள். கம்மூன் அவள் பக்கத்தில் இருந்த வெற்றிடத்தைப் பார்த்துக் கைகூப்பினார்.

"வாடி. வீட்டுக்குப் போகலாம். இந்தம்மா பாவம்."

அவர் ரத்தியாவிடம் குனிந்தார்.

"தங்கச்சி, அவ ஏதாவது சொல்றாளா?"

ரத்தியா வெடித்த உதடுகளை நாக்கால் ஈரப்படுத்திக்கொண்டாள்.

"மெதுவாப் பேசுங்க. அவங்க தூங்குறாங்க. ரொம்ப நாள் கழிச்சு இப்பத்தான் தூங்குறாங்க."

குடையைக் கோயிலிலேயே திரும்பச் சேர்த்தோம். பிக்குகள் ஓதினார்கள். சேங்லாவின் பெயர் சொல்லித் தண்ணீர் வார்த்தோம். உன்ருவன்கூட வந்து தரையில் விழுந்து மன்னிப்புக் கேட்டாள். நான் ஆஸ்பத்திரிக்குத் திரும்பியபோது ரத்தியாவின் இடது கன்னத்திலும் கொப்புளம் வந்திருந்தது.

த்ராங்குக்குக் கூட்டி வந்துவிட்டேன். எங்கள் ஊரில் இப்போது மழைக்காலம். ஜன்னல்களுக்கெல்லாம் கறுப்புத் துணி அடித்திருக்கிறேன். ஈரப் போர்வை போர்த்தினால் நான் வாளியை எடுத்து வைப்பதற்குள் மொடமொடவென்று காய்ந்துவிடுகிறது. பொழுது சாய்ந்தால் அவளுக்கு இறங்கும் என்று முதலில் நம்பினேன். அவளுக்குப் பொழுது சாய்வதில்லை. எப்போதும் அதே உச்சிவெயில்தான். பேச்சும் குறைந்துவிட்டது. எந்தத் துணியையும் தொட்டுப் பார்த்துப் பெயர் சொல்லும் அந்தக் கைகளில் இப்போது தோல் இல்லை. நான் அவற்றைப் பிடித்துக்கொள்ளக்கூட முடியவில்லை.

டாக்டர்கள் வருகிறார்கள், பார்க்கிறார்கள், போகிறார்கள். சேங்லா கிடந்த அந்த வயலில், கூரையில்லாத இடத்தில் கிடப்பவளுக்கு நான் எந்தக் கூரையைப் போடுவது?

நேற்று மத்தியானம் நல்ல மழை. நான் தூங்கி எத்தனையோ நாளாகிவிட்டது. நிற்க முடியாமல் அவள் கட்டிலருகே மண்டியிட்டேன். அவளிடமிருந்து வந்த அனலில் சுவரே சூடேறியிருந்தது. அவளுக்கு அந்தப் பக்கம் காலியாக இருந்த படுக்கையில் என்னை அறியாமல் கையை ஊன்றினேன்.

அந்த இடம் சில்லென்று இருந்தது.

வீட்டிலேயே குளிர்ந்த இடம் அதுதான். மரத்தடி மண்ணைப் போல ஈரமாக, இதமாக இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கையை எடுக்க மனம் வரவில்லை. அப்படியே தலையைச் சாய்த்துவிடலாம் என்று தோன்றியது.

அப்படி நினைத்ததுதான் தாமதம். என் கைக்கடியில், ஆள் படுத்தது போல மெத்தையில் இருந்த பள்ளம் மெல்ல மேலெழும்பியது. கொஞ்சம் தள்ளி, சுவர் ஓரமாக மறுபடி அழுந்தியது.

எனக்கு இடம் விட்டு.