ஐந்தாவது பூச்சு

"மோட்டாரை நிறுத்துங்க மாமா."

படியேறும்போதே அப்பா மூன்று தடவை சொல்லியிருந்தார்: குழாய் ஒழுகுறதைச் சொல்லு, கதவு ஒட்டுறதைச் சொல்லு, மோட்டார் பேச்சை மட்டும் எடுக்காதே. குண்டூசி நுழைந்ததும் அதைத்தான் எடுத்தாள். பத்து வயதுதான். வீட்டில் வைத்த பெயர் வேறு. நேரே போய்க் குத்துவதால் தெருவே அவளைக் குண்டூசி ஆக்கிவிட்டது.

வீட்டுக்காரர் செய்தித்தாளை மடித்தார். கீழே முற்றத்தில் மூன்று ஆழ்துளைக் கிணறுகள். விடிந்ததிலிருந்து மோட்டார்கள் தண்ணீரை உறிஞ்சி லாரிகளில் நிரப்பிக்கொண்டிருந்தன. ஜன்னல் கம்பிகள் நடுங்கின. குண்டூசியால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை.

"என்ன கொத்தனாரே, உங்க பொண்ணு என்ன சொல்லுது?"

அப்பா தலையைச் சொறிந்தார். "சின்னப் பொண்ணு, விடுங்க சார்."

"கீழ குழந்தைகள் காப்பகத்துச் சுவர் வெடிச்சிருக்கு," என்றாள் குண்டூசி. "அந்தச் சுவரோரமாத்தான் என் தம்பியும் இன்னும் பதினோரு வாண்டுகளும் மத்தியானம் தூங்குறாங்க."

"அந்த விரிசலா? உங்கப்பாதான் பூசிட்டாரே."

வினையே அதுதான். அப்பா பூசினால் விரிசல் இருந்த இடம் அவருக்கே தெரியாது. இந்த வருடத்தில் நான்கு தடவை பூசிவிட்டார். வேலை அவ்வளவு சுத்தமாக இருந்ததால், சுவர் நகர்வது யார் கண்ணிலும் படவில்லை.

"போன திங்கக்கிழமை விரிசலுக்குக் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டைச் சிமெண்டு வெச்சு ஒட்டினேன். அப்பா வேலை செய்யுற இடத்துல பார்த்திருக்கேன். சுவர் அசையலைன்னா கண்ணாடி அப்படியே இருக்கும். இன்னிக்குக் காலையில ரெண்டா உடைஞ்சிருக்கு."

"ஏதாவது வாண்டு பந்தடிச்சு உடைச்சிருக்கும்."

"அதுக்குத்தான் அலமாரிக்குப் பின்னால ஒட்டினேன்."

வீட்டுக்காரர் செய்தித்தாளை ஓரமாக வைத்தார். "தண்ணி எடுத்தா சுவர் ஏன் வெடிக்கணும்?"

"அடியில தண்ணி குறையக் குறைய மேல இருக்குற மண்ணு அமுங்குது. நீங்க உட்கார்ந்ததும் சோபா அமுங்கலையா?"

அப்பா இருமலை வைத்துச் சிரிப்பை மறைத்தார். வீட்டுக்காரர் சிரிக்கவில்லை.

"பயமா இருந்தா வேற வீடு பாருங்க. கொத்தனாரே, நாளைக்கு இன்னொரு பூச்சு பூசி வெள்ளையடிச்சிடுங்க. அதோட இந்தப் பேச்சு முடிஞ்சுது."

அப்பா தன் விரல்களையே பார்த்தார். நகக்கண்ணில் இன்னும் போன பூச்சின் சுண்ணாம்பு இருந்தது.

"வேற ஆளைப் பாருங்க சார். அஞ்சாவது பூச்சை நான் பூச மாட்டேன்."

குண்டூசி சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தாள். மணி பன்னிரண்டே கால். இன்னும் கால் மணி நேரத்தில் காப்பகத்தில் பாய் விரிப்பார்கள்.

"நீங்க மெதுவா யோசிங்க மாமா. நான் காப்பகத்து அக்காகிட்டச் சொல்லி, எல்லாரையும் எதிர்ப் பள்ளிக்கூடத்து வராந்தாவுக்குக் கூட்டிட்டுப் போறேன். அப்புறம் நானும் அப்பாவும் மாநகராட்சி என்ஜினீயரைப் பார்க்கப் போறோம்."

"ஏய், நில்லு. யாரைக் கேட்டு?"

அவள் அதற்குள் வாசலைத் தாண்டியிருந்தாள். செருப்பு மாட்டவும் நேரமில்லை. யாரை முதலில் தூக்குவது என்பதைக்கூட முடிவு செய்துவிட்டாள்: சுவரை ஒட்டிப் படுக்கும் அந்தக் குட்டிப் பாப்பாவை. தம்பி இரண்டாவதுதான். கோபித்துக்கொள்வான், கோபித்துக்கொள்ளட்டும்.