மாலுமி தூங்கிய அறை

"கையை அசைக்காதீங்க டீச்சர். அளவு தப்பிடும்."

"நான் எங்கம்மா அசைக்கிறேன்? கீழே ஏதோ கடிக்குது. நீங்க என் கையை அளக்குறீங்க, அது என் காலை அளக்குது!"

"கொசுவா இருக்கும்."

"கொசு குதிக்குமா? இதோ, குதிச்சுது பாருங்க! அந்த வெள்ளைத் துணி மேல... அட, அதுக்குள்ள காணோம்!"

பாட்டு டீச்சர் ஒற்றைக் காலில் நின்று மறுகாலைச் சொறிந்தார். அளவு நாடா அவர் கழுத்தில் மாலை மாதிரி தொங்கியது. அம்மா குனிந்து துணியை உதறினாள்.

அப்போது கதவுக்குப் பின்னாலிருந்து 'டக் டக் டக்' என்று ஒரு சத்தம்.

"மிளகு, அது என்ன சத்தம்?" என்றாள் அம்மா.

"ஒண்ணுமில்லம்மா. எனக்குக் காது அரிச்சுது, சொறிஞ்சேன்."

"காலாலயா சொறியிறே?"

கதவு மெல்லத் திறந்தது. மிளகு நின்றிருந்தாள். அவள் பாவாடை மடிப்புக்குள் ஒளிந்தபடி ஒரு சாம்பல் நிறப் பூனை, பின்னங்காலால் காதைச் சொறிந்துகொண்டிருந்தது. கால் தரையில் பட்டு இன்னொரு 'டக்' கேட்டது.

"தெள்ளுப்பூச்சி!" என்று அலறினார் டீச்சர். "எங்க நாய்க்கும் வந்துச்சு. பொடி வச்சிருக்கேன், கொடுத்தனுப்பறேன். இந்த அளவு... இன்னொரு நாள் எடுத்துக்கலாமா?"

செருப்பைச் சரியாக மாட்டிக்கொள்ளாமலே அவர் கிளம்பிவிட்டார்.

அம்மா தையல் இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்தாள். ஆனால் தைக்கவில்லை.

"போன வாரம் ரெண்டு பேர் இப்படித்தான் போனாங்க. இப்படியே போனா யார்கிட்ட அளவெடுக்கிறது? ஜன்னல்கிட்டயா?"

"அம்மா..."

"மாவு மில்காரர் ரொம்ப நாளா ஒரு பூனை கேக்குறார். அவர் மில்லுல எலி ஓடுது. ஞாயித்துக்கிழமை வந்து கூட்டிட்டுப் போகச் சொல்றேன்."

"மாலுமி, அது அண்ணனோட பூனைம்மா!"

அம்மா இயந்திரத்தின் சக்கரத்தைச் சுற்றிவிட்டாள். வீடெல்லாம் கடகடவென்ற சத்தம் நிறைந்தது.

மாலுமி இந்த வீட்டுக்கு வந்தது ஒரு மழை நாளில். அண்ணனின் சட்டைப் பைக்குள்ளிருந்து முதலில் இரண்டு காதுகள் வந்தன. பிறகு ஒரு தும்மல் வந்தது. தரையில் விட்டதும் அது இப்படியும் அப்படியும் ஆடி ஆடி நடந்தது. "கப்பல்ல இருந்து இப்பத்தான் இறங்கியிருக்கு போல" என்றான் அண்ணன். அன்றைக்கே பெயர் வைத்தாகிவிட்டது.

அண்ணனுக்குக் கப்பல் என்றால் உயிர். சாயங்காலங்களில் கட்டிலில் சாய்ந்துகொண்டு தூர தேசத்துக் கதைகளைச் சத்தமாகப் படிப்பான். பனியில் மாட்டிக்கொண்ட கப்பல்கள், கலங்கரை விளக்கத்தில் தனியாக இருக்கும் கிழவர்கள், பாய்மரத்தின் மேல் தூங்கும் பையன்கள். மிளகு அவன் கால்மாட்டில் உட்கார்ந்து கேட்பாள். மாலுமி கம்பளியில் சுருண்டு கேட்கும். அல்லது தூங்கும். அதன் முகத்தைப் பார்த்து எதுவென்று சொல்ல முடியாது.

இப்போது அண்ணன் நிஜமாகவே கப்பல் கட்டக் கற்றுக்கொள்ளத் தூரத்து ஊருக்குப் போய்விட்டான். அவன் போன அன்று அம்மா அவனுடைய அறையைப் பூட்டினாள். கம்பளி சுருட்டியபடி கிடந்தது. புத்தகம் கவிழ்த்தபடி கிடந்தது.

"அவன் விட்டுட்டுப் போனது அப்படியே இருக்கட்டும். யாரும் உள்ளே போக வேண்டாம்" என்றாள் அம்மா. சாவி அவளுடைய நூல்கண்டுப் பெட்டிக்குள் போனது.

மறுநாள் பள்ளி விட்டதும் மிளகு மாலுமியைக் கூடையில் வைத்து, விலங்கு மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போனாள். டீச்சர் கொடுத்தனுப்பிய பொடியும் கையில் இருந்தது. அங்கிருந்த டாக்டர் அக்கா பொடி டப்பாவைப் பார்த்ததும் சட்டென்று வாங்கி மேசைக்கு அந்தப் பக்கம் வைத்தார்.

"இதைப் போட்டுட்டியா?"

"இன்னும் இல்லை."

"நல்லவேளை! நாய்க்குப் போடறதைப் பூனைக்குப் போடவே கூடாது. உயிருக்கே ஆபத்து."

மிளகின் கை கூடையை இறுக்கிப் பிடித்தது.

டாக்டர் அக்கா மாலுமியை எடை பார்த்தார். அதன் பின்கழுத்தில் முடியை விலக்கி, பூனைக்கான சொட்டு மருந்தை விட்டார். மாலுமி உலகத்தையே வெறுப்பதுபோல் ஒரு பார்வை பார்த்தது.

"இனி இது மேல இருக்கறது செத்துடும். ஆனா பூனை மேல இருக்கறது கொஞ்சம்தான். முட்டையெல்லாம் வீட்டுல எங்கேயாவது உதிர்ந்து கிடக்கும். அது எங்கேன்னு கண்டுபிடிச்சுச் சுத்தம் பண்ணு."

"எங்கே இருக்கும்?"

"அது உன் வீடு. எனக்கெப்படித் தெரியும்?" என்று சிரித்தார் அக்கா.

அன்றிலிருந்து மாலுமி பின்பக்கச் சாமான் அறையில் அடைந்து கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை வரை அங்கேதான் என்று அம்மா சொல்லிவிட்டாள். மிளகு தினமும் பேன் சீப்பால் அதை வாரி, சீப்பைச் சோப்புத் தண்ணீரில் முக்கிப் பார்த்தாள். முதல் நாள் தண்ணீரில் கறுப்பாகச் சில மிதந்தன. அப்புறம் ஒன்றுகூட இல்லை.

ஆனால் வெள்ளிக்கிழமை காலையில், அளவு கொடுக்க வந்த தபால்காரரை ஏதோ கடித்தது. அவர் முன்னறையிலேயே குதித்தார்.

"பார்த்தியா? மருந்து போட்டும் போகலை" என்றாள் அம்மா.

மிளகு யோசித்தாள். மாலுமி முன்னறைக்கு வந்தே மூன்று நாளாகிறது. சாமான் அறைக் கதவைத் தாண்டி வந்து அது தபால்காரருக்குத் தெள்ளுப்பூச்சி கொடுத்துவிட்டுப் போக முடியாது. அப்படியானால் இது எங்கிருந்து வருகிறது?

அவளுக்கு டீச்சர் கத்தியது ஞாபகம் வந்தது. வெள்ளைத் துணி மேல் குதித்ததால்தான் அது அவர் கண்ணில் பட்டது!

மிளகு அலமாரியைக் குடைந்தாள். அண்ணனின் வெள்ளைக் கால்பந்துச் சாக்ஸ் கிடைத்தது. அவனுக்கு முழங்கால் வரை வரும். மிளகுக்குத் தொடை வரை வந்து, அதற்கு மேலும் ஏற முடியுமா என்று பார்த்தது.

அதை மாட்டிக்கொண்டு அவள் வீடு முழுக்க நடந்தாள். மெதுவாக, கொக்கு மாதிரி, ஒவ்வோர் இடத்திலும் கொஞ்சம் நின்று.

சமையலறை. குனிந்து பார்த்தாள். சாக்ஸ் வெள்ளையாக இருந்தது.

அவளும் அம்மாவும் படுக்கும் அறை. வெள்ளை.

தையல் இயந்திரத்தின் பக்கம். ஒரு கறுப்புப் புள்ளி ஏறியது. இன்னொன்றும் ஏறியது.

நடைவழி. நான்கைந்து.

நடைவழியின் கடைசியில், பூட்டிய கதவின் முன்னால் அவள் நின்றாள். கதவடி இடுக்கிலிருந்து யாரோ எள்ளைத் தூவியதுபோல் சாக்ஸ் முழுக்கப் புள்ளிகள்!

மிளகு தையா தக்கா என்று குதித்துப் பின்கட்டுக்கு ஓடி, சாக்ஸைக் கழற்றிச் சோப்புத் தண்ணீர் வாளிக்குள் போட்டாள். பிறகு வீட்டைச் சுற்றிக்கொண்டு அண்ணன் அறை ஜன்னலுக்குப் போனாள். அறைக்குள் காற்றுப் போகட்டும் என்று அம்மா அதைப் பாதி திறந்து வைத்திருந்தாள். கம்பியில் சாம்பல் நிற முடிகள் ஒட்டியிருந்தன.

எட்டிப் பார்த்தாள். சுருட்டிய கம்பளியின் நடுவில், ஒரு பூனை அளவுக்கு வட்டமாக ஒரு குழி.

'நீ இங்கேதான் தூங்கினியா மாலுமி? இத்தனை நாளும்?'

அந்த அறையின் மணம் ஜன்னல் வழியாக வந்தது. பழைய புத்தகமும் அண்ணனின் தலை எண்ணெயும் கலந்த மணம். ஒரு கணம், கம்பளிக்குள்ளிருந்து "அப்புறம் கப்பல் என்னாச்சு தெரியுமா?" என்று ஒரு குரல் கேட்கும் போலிருந்தது.

சாவி எங்கே இருக்கிறது என்று மிளகுக்குத் தெரியும். அம்மா கடைக்குப் போகும்போது எடுத்துவிடலாம். எல்லாவற்றையும் வாரித் துவைத்துப் போட்டுவிடலாம். மாலுமி தப்பித்துவிடும்.

ஆனால் திரும்பி வரும்போது, துவைத்ததெல்லாம் கொடியில் தொங்குவதை அம்மா பார்ப்பாளே?

மிளகு சாவியை எடுக்கவில்லை. வாளியைத் தூக்கிக்கொண்டு நேராக அம்மாவிடம் போனாள். தண்ணீரில் மிதந்ததைக் காட்டினாள். எங்கே கிடைத்தது என்றும் சொன்னாள்.

அம்மாவின் முகம் மாறிவிட்டது.

"அந்த அறையிலயா? அங்கே யாரும் போறதே இல்லையே."

"மாலுமி போயிருக்கு. ஜன்னல் வழியா."

"சரி, ஜன்னலை மூடிடலாம். அறை அப்படியே பூட்டியிருக்கட்டும்."

"மாலுமியைத்தான் அடைச்சு வச்சாச்சே. அப்புறம் எப்படிம்மா இங்கே வரை வருது? யாரோ அங்கேயிருந்து தூக்கிட்டு வராங்க."

"யாரு தூக்கிட்டு வருவா?"

மிளகு அம்மாவின் கால்களைப் பார்த்தாள். கணுக்காலைச் சுற்றிச் சின்னச் சின்னதாகச் சிவப்புத் தடிப்புகள். அம்மா சட்டென்று கால்களைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"நான் பள்ளிக்கூடம் போனப்புறம் நீ அங்கே போறியாம்மா?"

அம்மாவின் கை நூல்கண்டுப் பெட்டியின் மூடிக்குப் போனது.

"சும்மா... மத்தியானம் கொஞ்ச நேரம்" என்றாள் அம்மா சின்னக் குரலில். "கட்டில்ல உட்கார்ந்துட்டு வருவேன். அவ்வளவுதான்."

"அப்போ மாலுமியை மட்டும் மில்லுக்கு அனுப்பினா போதாதும்மா. உன்னையும் சேர்த்து அனுப்பணும்."

அம்மா அவளை முறைத்தாள். அப்படி முறைத்துக்கொண்டே இருக்க முடியாமல் சிரித்துவிட்டாள். சிரித்ததில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதைத் துடைக்கவும் அவளுக்கு அளவு நாடாதான் கிடைத்தது.

சனிக்கிழமை காலையில் இருவரும் கதவைத் திறந்தார்கள். கட்டிலை நகர்த்தினார்கள். மூலை, இடுக்கு, பலகைச் சந்து எல்லாம் பெருக்கி, குப்பையைப் பையில் இறுக்கிக் கட்டி வெளியே போட்டார்கள். தரையைச் சோப்புத் தண்ணீரால் தேய்த்தார்கள். மெத்தையை வெயிலுக்குச் சுமந்து போகும்போது, முன்னால் மிளகும் பின்னால் அம்மாவுமாக, கதவில் இரண்டு முறை மாட்டிக்கொண்டார்கள்.

கம்பளி கொதிக்கும் தண்ணீருக்குள் போனது. கடைசியாகத் தலையணை உறை. அம்மா அதை மட்டும் கீழே வைக்காமல் நின்றாள்.

"இதுல இன்னும் அவன் வாசனை இருக்குடி."

"ஒரு தடவை நல்லா மோந்துக்கோ. அப்புறம் போடலாம்."

அம்மா முகத்தைப் புதைத்துக்கொண்டாள். மறு நிமிடம் "ஆ!" என்று கத்தினாள். மூக்கின் நுனியில் ஒரு சிவப்புப் புள்ளி.

உறை தானாகவே தண்ணீருக்குள் விழுந்துவிட்டது.

சாயங்காலம் எல்லாம் காய்ந்து வந்தபோது அந்த அறையில் சோப்பு வாசனை மட்டும்தான் இருந்தது. அம்மா வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டாள். மிளகு அண்ணனின் அலமாரியைத் திறந்தாள். அடியில் கொஞ்சமாக எண்ணெய் மிச்சமிருந்த ஒரு புட்டி. விரல் நுனியில் ஒரே ஒரு சொட்டு எடுத்து, உறையின் உள்பக்கம் தடவி வைத்தாள். மறுநாள் அம்மா அந்தத் தலையணையைச் சரிசெய்வதுபோல் கையில் எடுத்தாள். அப்படியே நெடுநேரம் சரிசெய்துகொண்டே இருந்தாள்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. மாவு மில்காரர் பையோடு வந்தார்.

"பூனை எங்கேம்மா?"

"அதுக்கு இங்கேயே நிறைய வேலை இருக்குங்க" என்றாள் அம்மா. "உங்க சட்டை தோள்ல கிழிஞ்சிருக்கே, கழற்றிக் குடுங்க. எலிக்கு வேற வழி பாருங்க."

தெள்ளுப்பூச்சிகள் ஒரே நாளில் போய்விடவில்லை. ஒளிந்திருந்த கூடுகளிலிருந்து புதிது புதிதாக வெளியே வந்தன. தினமும் அம்மா பெருக்கினாள். தினமும் மிளகு சாக்ஸ் போட்டுக்கொண்டு கொக்கு நடை நடந்தாள். மாதம் பிறந்ததும் டாக்டர் அக்காவிடம் போய் மாலுமிக்கு மறுபடியும் சொட்டு மருந்து. சாக்ஸில் எள்ளு குறைந்தது. பிறகு எப்போதாவது ஒன்று. பிறகு சாக்ஸ் வெறும் சாக்ஸாகிவிட்டது. பாட்டு டீச்சர் வந்து, இரண்டு காலையும் தரையில் ஊன்றி நின்று அளவு கொடுத்தார்.

அன்று சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. மிளகு அண்ணனின் கட்டிலில், கவிழ்ந்து கிடந்த புத்தகத்தைத் திருப்பி, அவன் நிறுத்திய இடத்திலிருந்து சத்தமாகப் படித்தாள். கப்பல் இன்னும் பனியில்தான் மாட்டிக்கொண்டிருந்தது. துவைத்த கம்பளியை மாலுமி முன்னங்கால்களால் மிதித்து மிதித்துப் பார்த்தது. மூன்று சுற்றுச் சுற்றியது. பெரிய மனது பண்ணிப் படுத்தது.

விளக்கை அணைக்க அம்மா வந்தாள். அறையைப் பூட்டக் கையில் சாவி இருந்தது.

மிளகு புத்தகத்துக்கு மேலே கண்ணை மட்டும் உயர்த்தினாள்.

"அம்மா, இன்னைக்கு நானும் மாலுமியும் இங்கேயே படுத்துக்கட்டுமா?"

அம்மா சாவியை அலமாரி மேல் வைத்துவிட்டு, கட்டிலில் அவர்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.