முகத்தைப் பார்த்து வைத்த நிறம்

என் தங்கையின் கணவருக்குக் கப்பலில் வேலை. வருடத்தில் பாதி நாள் தண்ணீர்மேல்தான். மகள் வளர்வதை அவர் வீடியோவில்தான் பார்க்கிறார். தங்கை வாரம் தவறாமல் சின்ன வீடியோ கேமராவில் குழந்தையை எடுத்து, கம்ப்யூட்டரில் ஏற்றி அனுப்பிவிடுவாள். குழந்தைக்கு ஐந்து வயது. வாலு என்றுதான் கூப்பிடுவோம், அவளும் அந்தப் பெயருக்குக் குறை வைத்ததில்லை. சிரித்தால் இடது கன்னம் மட்டும் சிவக்கும். அந்தச் சிவப்பைப் பார்ப்பதற்காகவே அவளைச் சிரிக்க வைப்போம்.

அவர்கள் வாடகைக்கு வேறு வீடு மாறிய பிறகு மாப்பிள்ளை எனக்குப் போன் செய்தார். வீடியோவில் குழந்தை நீலம் பாரித்துத் தெரிகிறாள், உடம்புக்கு ஏதாவதா, என்னிடம் மறைக்கிறார்களா என்று கேட்டார். வீடியோ எடுப்பதுதான் என் பிழைப்பு. குழந்தை நன்றாகத்தான் இருக்கிறாள், கேமராவுக்குத்தான் காய்ச்சல் என்று கிண்டலடித்தேன். கேமரா முன்னால் ஒரு வெள்ளைத் துணியைக் காட்டி பட்டனை அமுக்கினால் போதும், இதுதான் வெள்ளை என்று புரிந்துகொண்டு மற்ற நிறங்களை அதுவே சரிசெய்துவிடும் என்றேன். இதை அவர் தங்கைக்குச் சொல்ல, அவள் எதையோ அமுக்க, அடுத்த வீடியோவில் குழந்தை பச்சையாகிவிட்டாள். தலையில் அடித்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை நானே கிளம்பிப் போனேன்.

பழைய வீடு. ஈரச் சுண்ணாம்பு வாசனை மூக்கை அடைத்தது. நீளமான கூடம். ஒரு பக்க ஜன்னலில் மங்கலான பகல் வெளிச்சம், மேலே மஞ்சள் பல்பு. இரண்டும் கலந்தால் எந்தக் கேமராவும் திணறத்தான் செய்யும். பேய் பிசாசு ஒன்றுமில்லை, பல்பை மாற்றினால் பாதி சரியாகிவிடும் என்று தங்கையிடம் சொன்னேன்.

முன்பு குடியிருந்தவர்கள் விட்டுப்போன பெரிய சோபா ஒன்று ஜன்னலோரம் கிடந்தது. வாலு அதில் ஏறிக் குதித்துக்கொண்டிருந்தாள். அவளை உட்காரச் சொல்லி, தங்கையையும் பக்கத்தில் உட்காரச் சொன்னேன். கேமராவைத் தாங்கியில் மாட்டிக் குனிந்து, பக்கவாட்டில் விரிகிற அந்தக் குட்டித் திரையைப் பார்த்தேன். இருவரும் தெரிந்தார்கள். வெள்ளைக் கைக்குட்டையைக் காட்டி பட்டனை அமுக்கினேன். குழந்தையின் நிறம் சரியாகிவிட்டது. அவள் பக்கம் தலை சாய்த்திருந்த தாயின் முகம் மட்டும் சாம்பலாகவே இருந்தது.

துணி கைவிட்டால் முகத்தைப் பார்த்து நிறம் வைப்பது எங்கள் தொழிலில் வழக்கம். முகம் தேறினால் படமும் தேறிவிடும். நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சிவப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினேன். சாம்பல் விலகியது. உதட்டில் நிறம் ஏறியது. கன்னம் உயிருள்ள கன்னமாக மாறியது.

"இப்ப பாரு, உசுரே வந்துடுச்சு," என்றேன்.

"என்னையா கூப்பிட்டேண்ணா?" என்று தங்கையின் குரல் கேட்டது. "பால் பொங்கிடும்னு அப்பவே இங்க வந்துட்டேன்."

குரல் சமையலறையிலிருந்து வந்தது.

நிமிர்ந்தேன். சோபாவில் வாலு மட்டும் இருந்தாள்.

திரையைப் பார்த்தேன். அதில் இருவர் இருந்தார்கள்.

சாய்ந்திருந்த தலை மெதுவாக நிமிர்ந்தது. நான் பார்த்துப் பார்த்து நிறம் ஏற்றிய முகம். அதை நான் அதற்குமுன் எங்கேயும் பார்த்ததில்லை.

"மாமா, குளிருது," என்று வாலு முனகினாள்.

அவள் உதடு வெளுத்திருந்தது. திரையில் மட்டுமல்ல, சோபாவிலும்தான். எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான்: கூட்டியதைக் குறைப்பது. சிவப்பைக் குறைத்தேன். அந்தப் பெண்ணின் முகம் இம்மியும் மங்கவில்லை. குழந்தைதான் மேலும் வெளுத்தாள். பதறிப்போய்த் திரும்பவும் கூட்டினேன். அந்தப் பெண் பளிச்சென்று ஆனாள், அப்போதும் குழந்தைதான் வெளுத்தாள். எந்தப் பக்கம் தள்ளினாலும் குழந்தையிடமிருந்தேதான் நிறம் போயிற்று. கேமராவிலிருந்து பேட்டரியையும் படம் பதிவாகும் கார்டையும் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டேன். அதற்குமேல் எதைத் தொட வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. இருபது வருடத் தொழில், ஒன்றுக்கும் உதவவில்லை.

குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். கேமராவை உள்ளேயே விட்டு, வீட்டைப் பூட்டிச் சாவியை நான்தான் வைத்துக்கொண்டேன். எல்லாப் பரிசோதனையும் செய்தார்கள். ரத்தத்தில் குறையில்லை, நோய் என்று எதுவுமில்லை, ஏன் இப்படி வெளுக்கிறாள் என்று பிடிபடவில்லை என்றார் டாக்டர். மறுநாள் காலையில் அவர் ஏதோ கோமாளித்தனம் செய்ய, வாலு சிரித்தேவிட்டாள். நானும் தங்கையும் ஒரே நேரத்தில் அவள் இடது கன்னத்தைப் பார்த்தோம்.

அது சிவக்கவில்லை.

"நீ வந்தா எல்லாம் சரியாயிடும்னு இருந்தேண்ணா," என்றாள் தங்கை. குற்றம் சொல்லும் தொனியே இல்லை. சோபாவில் நான் பார்த்ததை அவளிடம் எப்படிச் சொல்வது? வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் என்று வராந்தாவுக்குப் போய் நின்றேன். அப்போதுதான் மாப்பிள்ளையிடமிருந்து போன் வந்தது. கடலில் இருக்கிற மனிதர் என்ன செய்ய முடியும் என்று அவருக்கு நாங்கள் எதுவும் தெரிவித்திருக்கவில்லை.

"மச்சான், கலர் இப்ப அருமையா இருக்கு," என்றார். குரலில் அவ்வளவு சந்தோஷம்.

எது என்று கேட்டேன்.

"இன்னைக்குக் காலைல வந்த வீடியோதான். சோபா, ஜன்னல் எல்லாம் பளிச்னு தெரியுது. ஆனா குட்டியைக் காணோமே. அங்க உக்காந்திருக்கிற அம்மா யாரு? சிரிச்சா அவங்களுக்கும் இடது கன்னம் மட்டும் சிவக்குது, நம்ம வாலு மாதிரியே."

பேட்டரியும் கார்டும் சாவியும் என் சட்டைப்பையில் கனத்தன. கதவருகே வந்து வார்டுக்குள் எட்டிப் பார்த்தேன்.

"அவங்க மடியில ஒரு வெள்ளைத் துணி கிடக்குதே," என்றார் மாப்பிள்ளை. "அதைக் காட்டித்தான் கலர் வெச்சீங்களா?"

உள்ளே, சற்றுமுன் வாலு படுத்திருந்த கட்டிலின் வெள்ளை விரிப்பை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை கையால் தடவித் தடவி, தங்கை குழந்தையைத் தேடிக்கொண்டிருந்தாள்.